நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஃபிரேம்

"முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... முப்பத்தேழு..."

கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் வேணி எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம், குளியலறை இருட்டில், ரப்பர் கையுறை மாட்டிய கையை வாளிக்குள் விட்டு ஐம்பது அடி ஃபிலிமைக் கிளறிக்கொண்டிருந்தேன் நான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வென்டிலேட்டரில் கம்பளி, கதவிடுக்கில் பழைய சேலை. உள்ளே என் கையே எனக்குத் தெரியாது. போனைக் கொண்டுபோக முடியாது. அதன் வெளிச்சம் ஒரு நொடி பட்டால் படம் முழுக்கக் கெட்டுவிடும். அதனால் எனக்குக் கடிகாரம் வேணிதான். அறுபது வரை எண்ணிவிட்டுக் கதவை ஒரு தட்டு தட்டுவாள். ஒரு தட்டு, ஒரு நிமிடம். ஏழாவது தட்டில், படத்தை வரவழைக்கும் டெவலப்பர் மருந்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் எண்கள் சொல்லும்போது நடுவில் தொலைத்துவிடுகிறாள் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். அதற்கும் ஒரு பயிற்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முப்பத்தேழோடு சத்தம் நின்றது.

"வேணி?"

பதில் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. ஓடிப் போயிருந்தால் கொலுசு கேட்டிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது மட்டும் தெரிந்தது. மூச்சு விடுவது கேட்டது. என் மகளின் மூச்சுத்தான். ஆனால் இருட்டில் அதைக் கேட்டபோது, வேறு யாரோ கதவில் காதை வைத்து என்னை ஒட்டுக் கேட்பது போல இருந்தது.

வாசல் கேட்டைப் பூட்டினேனா என்று யோசித்தேன். கதவைத் திறந்துவிடலாமா என்று கைப்பிடிவரை கையைக் கொண்டுபோனேன். ஐம்பது அடி ஃபிலிம். திறக்கவில்லை.

"முப்பத்தெட்டு," என்றாள் வேணி. அதே குரல், அதே வேகம்.

வேலை முடிந்து வெளியே வந்து கேட்டேன்.

"ஏன் மக்கா நடுவுல நிறுத்துன?"

"நான் நிறுத்தலியே."

"அம்மா கூப்பிட்டேனே, கேக்கலியா?"

"நீ கூப்பிடலியே."

அவள் பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. ஆனாலும் ஃபிலிம் கூடுதலாகக் கறுத்துவிட்டதே என்ற எரிச்சலில் அவளைத் திட்டினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வாளியும் வெயிலும்

இந்தத் தொடரின் போன அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "வீட்டுக் குளியலறையில் ஃபிலிம் கழுவ முடியுமா, கதை விடாதீர்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். முடியும் அம்மா. அழகாக வராது, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது சூப்பர் எட்டு கேமரா. அதில் ஓடும் ஃபிலிம் என் சுண்டுவிரலைவிடக் குறுகல். ஐம்பது அடி ஃபிலிம் அடைத்த ஒரு கார்ட்ரிட்ஜ் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். அதோடு சரி. கல்லூரியில் படித்தபோது பிடித்த கிறுக்கு, கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தும் விடவில்லை. "போனிலேயே எடுத்தால் என்ன?" என்று கேட்காதவர் கிடையாது. மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு நொடியையும் கவனமாகப் பார்ப்பேன் என்று பதில் சொல்லுவேன். அந்தப் பதில் எவ்வளவு தப்பு என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெயிலுக்கு மேல்தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. டெவலப்பர் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே ஃபிரிட்ஜில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை உறைய வைப்பேன். மருந்து வாளியைப் பெரிய அண்டாவுக்குள் இறக்கி, சுற்றிலும் அந்தப் பாட்டில்களை மிதக்கவிடுவேன். வீட்டில் அன்றைக்கு மோர் கூட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

முதன்முதலில் ஹாஸ்டலில் கழுவியபோது இருட்டில் வாளி மாறிவிட்டது. டெவலப்பருக்கு முன்னால், கடைசியில் படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரில் போட்டுவிட்டேன். ஐம்பது அடியும் கண்ணாடி மாதிரி வெளுத்து வந்தது. ஒரு தோழியின் அக்கா கல்யாணம் முழுசும் அதில் இருந்தது.

அதிலிருந்து எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. வாளியை மோந்து பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். வேணியின் முதுகில் ஒரு மச்சம் பெரிதாகிறது என்று திருநெல்வேலிவரை கூட்டிப் போய், "இது மச்சம்தாம்மா" என்று டாக்டர் சொல்லக் கேட்டுத் திரும்பியவள் நான். அதற்குப் பிறகு வேணிக்கு ஏதோ சரியில்லை என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கே என்மேல் நம்பிக்கை கிடையாது.

மறையுற ஷாட்

அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பேய்ப்படம். பட்டப்பகலில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் மறைந்துபோகிறாள். அதை ஒரு சிறுமி மட்டும் பார்க்கிறாள். வசனம் கிடையாது.

சிறுமி வேணி. மறைகிறவர் என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கிறவர். "செத்தவளா நடிக்கணும்னா சொல்லு, படுத்துக்கிட்டே நடிக்கேன். இந்த நிக்குற வேலையெல்லாம் முட்டி வலிக்குட்டி" என்பார். ஆனாலும் வருவார்.

மறைவதற்கு ஒரே ஒரு தந்திரம்தான். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே "நில்லு" என்று கத்துவேன். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். கேமராவை நிறுத்துவேன். மதினி மட்டும் நடந்து வெளியே போய்விடுவார். மறுபடி ஓட்டி "ம்" என்பேன். படத்தில் பார்த்தால் மதினி நின்ற இடத்தில் காற்றுதான் இருக்கும். இடையில் வேணி ஓர் இம்மி அசைந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதனால் அவளை நிற்கப் பழக்கினேன். சாப்பிடும்போது, தலை பின்னும்போது, திடீரென்று "நில்லு". அசையாமல் நின்றால் ஒரு முந்திரி.

நோட்டில் ஒவ்வொரு ஷாட்டையும் தேதி போட்டு எழுதுவேன். வெளிச்சம் எவ்வளவு, எத்தனை வினாடி, யார் அசைந்தது. வேணி கொஞ்சமும் அசையாத ஷாட்டுக்கு ஒரு டிக்.

பங்குனியில் தொடங்கிய படம். வைகாசி வாக்கில் அவள் பிரமாதமாக நிற்கத் தொடங்கினாள். சில சமயம் நான் "நில்லு" சொல்வதற்கு முன்பே நின்றுவிடுவாள். மதினி கொடியில் துணி காயப்போடுகிற ஷாட்டில், வேணி செம்பு டம்ளரில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பாதி வழியில் நின்றாள். டம்ளர் சாய்ந்து தண்ணீர் காலில் ஊற்றியது. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"முந்திக்கிட்டா பாரு," என்றார் மதினி, துணியை உதறிக்கொண்டே. "ஆனாலும் என்னமா நிக்கா! ஒன்னையும் என்னையும் தூக்கிச் சாப்பிட்டுருவா."

நான் வெளிச்சமானியில் கண்ணை வைத்திருந்தேன். மேகம் வந்துகொண்டிருந்தது. கேமராவை நிறுத்திவிட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தட்டி, "சூப்பர்" என்றேன்.

வேணி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"நீ கேமராகிட்டல்லா நின்ன?"

"ஆமா."

"இங்கன எப்படி வந்த? நீயும் மறையுத ஆட்டம் ஆடுதியாம்மா?"

விழுந்து விழுந்து சிரித்தோம். நோட்டில் டிக் போட்டேன். பிறகு நின்ற இடத்திலிருந்தே அவளை நடக்கவிட்டு மீதியை எடுத்தேன்.

பேயைக் காயப்போட்டவள்

கழுவிய ஃபிலிமைப் பின்வாசல் கொடியில் வளைத்து வளைத்துக் காயப்போடுவேன். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ். முடி வெள்ளை, முகம் கறுப்பு, கண்ணில் விழி இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம்.

ரவிக்கைத் துணி வாங்க வந்த மதினி ஒரு துண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுப் பதறி விட்டுவிட்டார்.

"என்னட்டி இது, பேயைக் காயப்போட்டு வச்சிருக்க!"

"உங்க படம்தான் மதினி."

"நானாவது பரவாயில்ல. புள்ளையப் பாரு, தொண்ணூறு வயசுக் கிழவி மாரி இருக்கா. இதெல்லாம் நல்லதுக்கில்ல, சொல்லிட்டேன்."

அந்த வாரம் திங்கட்கிழமை கோயிலுக்குப் போயிருந்தோம், நானும் என் கணவரும் வேணியும். கோமதி அம்மன் சன்னதியில் தீபாராதனை. மணிச் சத்தம் காதைப் பிளந்தது. வேணி அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டென்று அவள் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது. கண் திறந்திருந்தது. தீபத்தைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளைக் கவனித்துவிட்டாள். "பச்சப் புள்ளைக்குச் சாமி எறங்கியிருக்கு," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் நின்ற இரண்டு பேர் வேணியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அப்போதாவது அவளைத் தூக்கி உலுக்கியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கும்பிட்டேன். எல்லோரும் கும்பிடும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் வேணி, "எப்ப மணி அடிப்பாங்க?" என்று கேட்டாள். அடித்து முடித்திருந்தார்கள்.

கைப்பிடி

ஃபிலிமைப் பார்க்க ஒரு பழைய பெட்டி வைத்திருக்கிறேன். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்தால் என்ன அகலமோ அவ்வளவுதான் திரை. ஒரு பக்கம் கைப்பிடி. நாம் சுற்றச் சுற்ற உள்ளே பல்பு வெளிச்சத்தில் படம் ஓடும். கையை நிறுத்தினால் படமும் நிற்கும்.

வேணி பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலை. சமையல் முடித்துவிட்டு அந்த டம்ளர் ஷாட்டை ஓட்டினேன். வெள்ளை முடியோடு கறுத்த முகத்தோடு வேணி நடந்து வந்தாள். நின்றாள்.

கை நின்றுவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

திரையில் மதினி ஒரு பாவாடையை உதறினார். கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். சேலை காற்றில் பறந்தது. முருங்கை இலை ஆடியது. டம்ளரிலிருந்து தண்ணீர் கறுப்பாக இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் ஓடியது. நடுவில் வேணி மட்டும் ஒட்டவைத்த படம் மாதிரி இருந்தாள்.

திருப்பி ஓட்டினேன். மறுபடியும். பெட்டி முன்னாலிருந்து எழுந்து வீட்டுக் கதவைத் தாழ் போட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றியது.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. என் கேமரா வினாடிக்குப் பதினெட்டு எடுக்கும். பதினோரு வினாடி. ஆறு வயதுக் குழந்தை, காலில் தண்ணீர் ஊற்ற, பதினோரு வினாடி இமையைக்கூட அசைக்கவில்லை. என் "நில்லு"வுக்கு அவள் நிற்கும் மற்ற ஷாட்டுகளையும் ஓட்டினேன். அவற்றில் உதட்டோரம் துடிக்கும். கண்ணில் சிரிப்பு இருக்கும். கஷ்டப்பட்டு நிற்பது தெரியும். இதில் அவள் கஷ்டப்படவே இல்லை.

இருட்டில் நின்றுபோன அந்த எண்ணிக்கை நினைவு வந்தது.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். தாலுகா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீதான நிக்கப் பழக்குன? நிக்கா."

"இது அது இல்லங்க."

"போன தடவை மச்சம். இப்ப இதுவா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் ஒரு வேளை அப்படித்தானோ என்று அடுக்களைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளுக்கு இன்றும் என்னிடம் சமாதானம் இல்லை.

மூன்றாம் நாள் மதினியைக் கூப்பிட்டுப் பெட்டி முன்னால் உட்கார வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "சுத்துங்க," என்றேன்.

தையல் மிஷின் சுற்றிப் பழகிய கை. சீராகச் சுற்றினார். கொஞ்ச தூரம் போனதும், "கை நின்னுபோச்சாட்டி?" என்றார்.

"நிக்கல மதினி. உங்களைப் பாருங்க. துணி காயப்போடுதீங்க."

பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது. எண்ணி முடிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்குத் தம்பியிடம் பேசியது அவர்தான்.

"ஏலே, நாளைக்கு லீவு போடு."

"எதுக்குக்கா? அவ சொல்லுதான்னு நீயும்..."

"அவ சொல்லல. நான் பாத்தேன். கிளம்புதியா, இல்ல நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

டிக்

திருநெல்வேலியில் குழந்தைகளுக்கான நரம்பு டாக்டர். நடுத்தர வயதுப் பெண். பெட்டித் திரையில் ஓடியதை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து வேணியிடம் கொடுத்தார்.

"நிறுத்தாம ஊது பாப்போம். நான் சொல்றவரைக்கும்."

ஊதினாள். காற்றாடி சுற்றியது. அவளுக்கு ஒரே குஷி. ஒரு நிமிடம். ஒன்றரை. எனக்கே மூச்சு வாங்கியது. அப்பா பக்கம் திரும்பிக் கண்ணடித்துவிட்டு மறுபடி ஊதினாள்.

பிறகு ஊதவில்லை.

காற்றாடி மெதுவாகி நின்றது. வாய் குவிந்தபடியே இருந்தது. டாக்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கண்ணெதிரே கையை ஆட்டினார். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஏட்டி வேணி... மக்கா..." என்றார். அவருடைய குரலை அப்படி நான் கேட்டதில்லை.

மகள் அங்கேயே, எங்கள் முழங்கால் தொடும் தூரத்தில் நின்றாள். ஆனால் அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

திரும்பி வந்தாள். விட்ட இடத்திலிருந்து ஊதினாள்.

வலிப்பில் இது ஒரு வகை, இப்படித் தொடர்ந்து ஊதவைத்தால் வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். விழுவதில்லை, வெட்டுவதில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்து உறுதிசெய்யலாம். மருந்து இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். தண்ணீர்ப் பக்கமும் ரோட்டுப் பக்கமும் தனியாக விடாதீர்கள்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "ஒரு மாசமா..." என்று இழுத்தார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"இந்த டிக் எல்லாம் என்னம்மா?"

"அது... நல்லா நடிச்சதுக்குப் போட்டது டாக்டர். அசையாம நின்னதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. எந்த டிக் நான் "நில்லு" சொல்லிப் போட்டது, எது சொல்லாமல் போட்டது என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லாமல் போட்டதையெல்லாம் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். முதலில் ஒன்று. அப்புறம் பதினைந்து நாள் கழித்து ஒன்று. அப்புறம் ஒரே நாளில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் முந்திரி தின்றிருந்தாள்.

"இவ்வளவு விவரமா யாரும் எழுதிக் கொண்டாரதில்ல," என்றார்.

ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். பஸ்ஸில் வேணி அப்பா மடியில் தூங்கினாள். அவர் அவள் இமையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒட்டு

மருந்து ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகிவிட்டன. முதலில் தினம் ஒன்றிரண்டு வந்தது, பிறகு வாரத்துக்கு ஒன்று. இப்போது வெகு நாளாக இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். எண் சொல்வதில் இப்போது தடுமாறுவதில்லை என்று டீச்சர் எழுதியிருக்கிறார்.

படத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தேன். வேணி விடவில்லை. "நான் நடிச்சது எப்ப வரும்?" என்று நச்சரித்தாள். அதனால் ஒரு மத்தியானம் கத்தரியும் ஒட்டு டேப்பும் எடுத்து உட்கார்ந்தேன்.

டம்ளர் ஷாட்டில் கை ஓடவில்லை. படம் என்ற கணக்கில் பார்த்தால் இருப்பதிலேயே நல்ல ஷாட் அதுதான். பார்க்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். அப்படி நினைத்ததற்காக என்னை நானே அறையலாம் போல இருந்தது. ஆனால் நினைத்தேன்.

மதினி பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி யோசிக்க?"

"இந்தப் பதினோரு வினாடி... வேணியை எப்படி வெட்டி எறியுறது மதினி?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதுல புள்ள இல்லட்டி," என்றார். "வெட்டு."

வெட்டினேன். அவள் நிற்பதற்கு முந்தின ஃபிரேமையும் மறுபடி காலெடுத்து வைத்த ஃபிரேமையும் சேர்த்து ஒட்டினேன். துண்டு, இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைய, சுருண்டு என் மடியில் கிடந்தது. அளந்தால் இரண்டே முக்கால் அடி இருக்கும். அதை டாக்டர் சீட்டுகளோடு வைத்திருக்கிறேன்.

போனில் ஏற்றி, வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றி, டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். மதினி தான் மறைந்ததும் கைதட்டினார். என் கணவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். திரையில் வேணி தண்ணீர் கொண்டு வந்தாள். ஒட்டு வருகிற இடத்தில் முருங்கை இலை ஒரு துள்ளு துள்ளும், கொடியில் ஒரு பாவாடை கூடும். யாருக்கும் தெரியாது. வேணி நிற்காமல் நடப்பாள்.

எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த இடத்தில் நான் திரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கிறேன்.

"என்னைய ஏன் பாக்க?" என்று என் தாடையைப் பிடித்து டி.வி. பக்கம் திருப்பினாள். "படத்தப் பாரும்மா."